பார் சோப்பில் கட்டிய எகிப்து

எகிப்திலிருந்து திரும்பி நான்கு நாளாகிறது. காக்ஸ் டவுன் வீட்டுக் குளியலறையில் கேன்வாஸ் ஷூவை உதறினால் ஒரு கைப்பிடி மணல் கொட்டுகிறது. தேய்த்துக் கழுவலாம் என்று மஞ்சள் பார் சோப்பை எடுத்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதோடு சரி, ஷூ அப்படியே கிடக்கிறது, நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் ஆடம்பரமான பயணம்தான், ஒப்புக்கொள்கிறேன். நைல் நதியில் ஐந்து நாள் கப்பல். காலைப் பலகாரத்தோடு ஏழு வகை சீஸ். ஆனால் பிரமிடின் முன்னால் எல்லோரும் வாயைப் பிளந்து நிற்க, எனக்கோ பக்கத்தில் ராகிப் பயிரைக் காணோமே என்று இருந்தது. நான் முதலில் பார்த்த எகிப்தில் இருந்தது.

அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர். வேளாங்கண்ணியைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் குடிலை ஊரார் வைக்கிற மாதிரி வைக்க அவருக்குக் கை வராது. நவம்பர் பிறந்ததும் எங்களைக் கேட்பார்: "இந்த வருஷம் எங்க போறோம்?" ஒரு வருடம் பாபிலோன் போனோம். ஒரு வருடம் கிரேக்கம்; தூணெல்லாம் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ். இரண்டுக்கும் கோயில் குடில் போட்டியில் ஆறுதல் பரிசுதான். முதல் பரிசு வாங்காமல் விடுவதில்லை என்று அம்மா எகிப்துக்குக் கிளம்பினார்.

பார் சோப்பைச் சீவிச் சீவி மூன்று பிரமிடுகள். வறுத்த ரவையில் பாலைவனம். நைல் கரைக்குத் தட்டில் முளைக்கவைத்த ராகி. நடுவில் கழுதைமேல் மாதா, குழந்தை, பக்கத்தில் சூசையப்பர். தொழுவமே இல்லை. பன்னிரண்டு வயதில் எனக்கு மானம் பெரிது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் கதவைச் சாத்திவிடுவேன்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி போட்டிக் குடில்களைப் பார்வையிட வந்த பங்குக் கோயில் இளைஞர் சங்கத்துச் சேவியர் அண்ணன், நோட்டைத் திறந்துவிட்டு எழுதாமல் நின்றார்.

"என்னா டீச்சர், தொழுவம் இல்லாம குடிலா? ரூல்ஸ்ல இல்லியே."

"இன்னிக்குக் காலைப் பூசையில என்னா வாசகம் படிச்சாங்க, சேவியர்?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஏரோது குழந்தைங்கள கொன்னது... இவங்க எகிப்துக்கு ஓடிப்போனது."

"அப்போ நீங்க வர்ற வரைக்கும் தொழுவத்துலயே உக்காந்துனு இருப்பாங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். பாலைவனத்தில் கட்டெறும்புகள் சாரை சாரையாக ரவையைத் தூக்கிக்கொண்டு போயின. நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"இது?"

அம்மா கண்ணிமைக்கவில்லை. "ஒட்டகம்."

மூவரசர் திருவிழாப் பூசை முடிந்து சாமியார் மைக்கில் அறிவித்தார்: "முதல் பரிசு, எகிப்து." கோயிலே சிரித்தது. அம்மா நிமிர்ந்து நடந்துபோய் எவர்சில்வர் தூக்கை வாங்கினார். கதவைச் சாத்திய நான்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினேன். அப்புறம் தவக்காலம் வரை பிரமிடில்தான் துணி துவைத்தோம்.

இப்போது குடில் கடையிலிருந்து பெட்டியில் வருகிறது, விளக்கோடு. யாரும் வீடு வீடாக வருவதில்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதும். அம்மா போய் ஒன்பது வருடம். நவம்பர் பிறந்ததும் டிராவல்ஸ்காரப் பையன் தவறாமல் போன் செய்கிறான்: "மேடம், இந்த வருஷம் எங்க போறோம்?"

நானும் ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொல்கிறேன். அவன் டிக்கெட் ஒன்றுதான் போடுகிறான்.