கனம் குறைந்த வில்

போன மழைக்காலத்தில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டைப் பிரித்து, டாக்டர் சொன்ன பயிற்சியெல்லாம் செய்து, தேங்காய் துருவுகிற அளவுக்குக் கை வந்துவிட்டது. துணி பிழிய வரவில்லை, அதற்கு மிஷின் இருக்கிறது. வயலின்தான் வரவில்லை.

வாசிப்பேன் என்று சொல்லவே எனக்குக் கூச்சம். நான் கச்சேரிக்காரி இல்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வகுப்பில் பதில் தெரிந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். இவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியார் சொல்ல, அப்பாவும் சரியென்றுவிட்டார். அக்காவுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு ஒருவர் வந்துகொண்டிருந்தார். அக்காவுக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. கல்யாணமாகி மலையாள நாட்டில் இந்த ஆரியசாலைக்கு வந்தபோது அந்த வயலின் பெட்டியும் கூடவே வந்தது.

வீட்டில் பாடுகிறவள் என் கணவரின் தங்கை. சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அவர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் விளக்கேற்றியதும் அவள் பாடுவாள், நான் பின்னால் வாசிப்பேன். கேட்க யாரும் வருவதில்லை. மாடியில் குடியிருப்பவர்கள் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். அது எங்களுக்காகத்தானா என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

கட்டுப் பிரித்த பிறகு முதல் தடவையாக வில்லை எடுத்தேன். பழைய வில், நல்ல கனம். பாதிப் பாட்டுக்குள் வில்லின் நுனி தானாகக் கீழே சரிந்தது, வலி முழங்கைவரை ஏறியது. கீழே வைத்துவிட்டேன். அவள் அந்த அடியை மட்டும் முடித்துவிட்டு நிறுத்தினாள். மறுநாள் விளக்கேற்றினாள், பாடவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். என் கை கிடக்கட்டும், சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு நீ பாடு என்றேன்.

"பிடிக்கல மைனி," என்றாள். "பேசிட்டே நடக்கையில கூட வந்த ஆளு நிண்ணுட்ட மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு விளக்கு வைத்த கையோடு அவள் போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் போய்ப் படுக்க ஆரம்பித்தாள். ராத்திரிச் சாப்பாடு பேருக்குத்தான். ஆபீசை விட்டு வந்த நாளில்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. கை வலியைவிட எனக்கு இதுதான் பெரிதாக இருந்தது.

எங்கள் வில்லுக்குக் குதிரைமயிர் மாற்றித் தருகிற கடைக்காரருக்கு அவளே போன் செய்து கேட்டாள். வில்லை மாற்றிப் பாருங்கள், பலருக்கும் அதில் சரியாகியிருக்கிறது என்றாராம். சாலைக் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் கடை. கிட்டாரும் கீபோர்டும்தான் முன்னால் இருக்கும், வயலின் உள்ளே மூலையில். கடைக்காரர் மலையாளி, தமிழர் நிறைந்த அந்தத் தெருவில் பழகிப் பழகித் தமிழும் பேசுவார். கண்ணாடி மேசைமேல் வில்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் திருகாணியைத் திருகி மயிரை இறுக்கி, ஒரு வயலினையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வாசிச்சு நோக்குங்க அம்மா. வாசிக்காம ஒண்ணும் அறிய ஒக்காது."

காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வயலினை மேசைமேலேயே திருப்பி வைத்துவிட்டேன். வில்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் கத்தரிக்காய் பார்ப்பதுபோலக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று பூப்போல இருந்தது. கனம்தானே என் கைக்கு ஆகவில்லை, கனம் இல்லாதது போதுமே என்று நினைத்தேன். இது மதி, போதும் என்றேன். ஒரு இழுப்பாவது இழுத்துப் பாருங்க மைனி என்று அவள் காதோரம் சொன்னாள். நான் குடையை எடுத்துக்கொண்டு சந்தில் போய் நின்றுவிட்டேன். அவள் பணம் கொடுக்கும்போது, கீறல் விழாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவேன் என்று கடைக்காரர் உள்ளிருந்து சொன்னது கேட்டது.

வீட்டில் வாசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த வில் கம்பியில் பிடிக்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு ஓடியது, உஸ்ஸென்று காற்றுச் சத்தம்தான் வந்தது. சத்தம் வரவேண்டுமென்றால் விரலால் அமுக்க வேண்டும், அமுக்கினால் மணிக்கட்டு முன்னைவிட மோசமாகப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் பழைய வில்லின் கனமே கம்பியை அழுத்திப் பாதி வேலையைப் பார்த்திருக்கிறது. கனத்தைக் குறைத்ததும் அந்த வேலையும் என் கைமேல் வந்து விழுந்துவிட்டது.

அவள் திட்டவில்லை. "விடுங்க மைனி. பாட்டு இல்லேண்ணா வீடு இடிஞ்சா போவுது?" என்று சொல்லிவிட்டு, விளக்குக்கு எண்ணெய்கூட விடாமல் உள்ளே போனாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இனி வேண்டாம் என்று முடிவு செய்தவள் பேசுவது மாதிரி அது இருந்தது.

காலையில் இட்லி வைக்கும்போது, மாற்றிக்கொண்டு வருவோம் வா என்றேன்.

"வந்து? அங்க வாசிப்பியளா?"

"வாசிக்கேன்."

ஆட்டோ பிடித்துப் போனோம். அன்றைக்குப் பார்த்துக் கடையில் கூட்டம். கடைக்காரர் நாற்காலி போட்டார். நாங்கள் தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையை வலது காலில் தாங்கி வாசித்துப் பழகியவர்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்குத் தாங்கல் இல்லை. அவர் கொடுத்த வயலினையும் வில்லையும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். நாத்தனார்தான் அவரிடம் சொன்னாள். அவர் உடனே ஒரு கீபோர்டு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தார். உட்கார்ந்தேன். வில்லைக் கம்பியில் வைத்தேன். கை அசையவில்லை. அங்கே நின்றவர்களின் செருப்புகள்தான் என் கண்ணில் பட்டன, எல்லாம் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எழுந்துவிடலாம் என்று ஒரு கையைத் தரையில் ஊன்றிவிட்டேன்.

அவள் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு, முட்டி மடக்க முடியாமல் மடக்கி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வழக்கமாக விளக்கு வைத்ததும் முதலில் பாடுகிற முருகன் பாட்டை எடுத்தாள். மெதுவாக இல்லை, வீட்டில் பாடுகிற அதே தொண்டையில்.

மனிதர்கள் முன்னால் எனக்கு வாசிக்க வராது. ஆனால் அவள் பாடும்போது வாசிக்காமல் இருக்கவும் எனக்கு வராது. கை தானாகப் போய்விட்டது. செருப்புகளும் அவள் பக்கம் திரும்பிவிட்டன. பல நாள் பாடாத குரல், மேலே போனபோது உடைந்தது. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்குப் போனாள்.

முதலில் கையிலிருந்தது ஒரு கறுப்பு வில். கம்பு ரொம்ப விறைப்பு, கம்பியில் துள்ளியது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். கடைக்காரர் அடுத்ததை வைத்தார். அது ரொம்பத் தொய்வு, கொஞ்சம் அழுத்தினாலே மயிர் கம்பைத் தொட்டது. அதற்கடுத்ததில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முன்னால் வாங்கிப்போனதைவிடக் கனம்தான். ஆனால் கனமெல்லாம் பிடிக்கிற பக்கத்தில் இருந்தது, நுனி கையைக் கீழே இழுக்கவில்லை. வில் பார்க்க வந்திருக்கிறோம் என்பதே மறந்துபோனது. சரணத்தில் பாதி போன பிறகுதான் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. அசந்திருந்தது, வலிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ஒரு பையன் கைதட்டினான், வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டான். கொள்ளாம், நல்லாயிருக்கு என்றார் கடைக்காரர்.

"எது மைனி?"

"கையில இருக்கது."

"அண்ணைக்கும் இப்பிடித்தான் சொன்னிய."

"அப்பம் இன்னொண்ணு பாடு. பாத்துச் சொல்லுகேன்."

இத்தனை பேர் நிற்கிற கடையில் நான் இப்படிக் கேட்பேன் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள், நானும்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீளமான பாட்டாகப் பார்த்து எடுத்தாள். அதன் கடைசியில் மணிக்கட்டு முணுமுணுக்க ஆரம்பித்தது. விடாமல் வாசித்து முடித்தேன். வில் சரிதான், என் கைக்கு இரண்டு பாட்டுதான் என்பதும் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் அதைச் சொன்னேன். அவள் வில்லை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, சரி என்றாள்.

இப்போது விளக்கு வைத்ததும் அவள் பாடுகிறாள். இரண்டு பாட்டுக்கு நான் வாசிக்கிறேன். இன்றைக்கு ஒன்று போதும் என்று சில நாள் அவள் சொல்லிப் பார்ப்பாள், நான் விடுவதில்லை. மூன்றாவதை அவள் தனியாகப் பாடுகிறாள். நான் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் தாளம் போடுகிறேன்.