நான்கு பரீட்சகர்களும் நாற்பது ரோல்ஸும்

ஒரு மாத காலமாக எங்கள் வீட்டு முன்னறையில் என் மகள் தர்சினி ஒவ்வொரு மாலையும் நான்கு வெறுங்கதிரைகளுக்கு முன்னால் நின்று அன்று படிப்பித்த பாடத்தில் தான் விட்ட பிழைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இரண்டாவது கேள்வியை அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன். பிள்ளைகள் யோசிக்க நேரம் கொடுக்கவில்லை" என்று ஜெர்மன் மொழியில், கடைக்காரர் சாமான் விலை சொல்வதுபோல நிதானமாகச் சொல்வாள். நான் பக்கத்து அறையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு மாலை ஒன்பது பிழைகள் வரை போனது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை தன் குறைகளைப் பாடமாக்குவதை இந்த எழுபது வயதுக்குள் நான் கண்டதில்லை. எங்கள் காலத்தில் தெரிந்ததைத்தான் பாடமாக்குவோம்.

ஜெர்மனியில் இந்த பீலெஃபெல்ட் நகரில் இருக்கும் நம்மவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது. அதன்பின் இரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் மேற்பார்வையில் படிப்பிக்க வேண்டும். அதற்கு ரெஃபரெண்டாரியாட் என்று பெயர். அந்தக் காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற ஒரு நியமனத்தை அரசு தரும். அது சும்மா கிடைக்கிற நியமனம் இல்லை. பட்டச் சான்று, பொலிஸ் நற்சான்று, பிரஜாவுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்று எல்லாம் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றுக்காக என் மருமகன் ஒருவன் அரச செயலகமான யாழ்ப்பாணக் கச்சேரிக்கு நான்கு தரம் அலைந்தான். கடைசியில் அரச வைத்தியரின் பரிசோதனை. தர்சினி மெலிந்த பிள்ளை. நிறை போதாது என்று தள்ளிவிடுவார்களோ என்று நான் கவலைப்பட்டு, அவளைத் தினமும் இரண்டு முட்டை சாப்பிடச் சொன்னேன். "அப்பா, இஞ்ச கூடின நிறைக்குத்தான் பயப்பிடுவினம். நீங்கள் முட்டை தந்து என்னை மாட்டப் போறீங்கள்" என்று சிரித்தாள்.

எல்லாம் சரியாகி நியமனக் கடிதம் வந்தபோது அதில் 'ஔஃப் வீடர்ரூஃப்' என்று இருந்தது. திரும்பப் பெறப்படும் வரைக்கும் என்பது பொருள். எண்பதுகளில் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு தோற்பையோடு இறங்கியவன் நான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டப்பட்ட காகிதத்தில் வருடக்கணக்காக வாழ்ந்தவன். எங்களில் சிலருக்குக் கொடுத்த அகதி அங்கீகாரத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று கடிதம் வந்தபோது, அதன் தலைப்பிலும் இதே சொல்தான் இருந்தது. மகளின் கடிதத்தை அன்று முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தேன். "அப்பா, எல்லா ரெஃபரெண்டாருக்கும் இதுதான். இஞ்சயே பிறந்து வளர்ந்த ஜெர்மன் பிள்ளையளுக்கும் இதே கடிதம்தான்" என்று தர்சினி சொன்ன பிறகு மனம் கொஞ்சம் ஆறியது. பிறகு யோசித்துப் பார்க்க எனக்கு அது பெரிய காரியமாகப் பட்டது. உள்ளூர்ப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் ஒரே நிபந்தனை, ஒரே சொல். முப்பது பிள்ளைகளை ஒரு புதியவரின் கையில் கொடுக்க முன்னர் இவ்வளவையும் கேட்கிறார்களே என்று முதலில் அலுத்துக்கொண்டவன், இவ்வளவாவது கேட்கிறார்களே என்று பிறகு நினைக்கத் தொடங்கினேன்.

ஏனென்றால் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நான் ஊரில் இருபத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன். முதல் நாள் தலைமை ஆசிரியர் என் கையில் இரண்டு வெண்கட்டியைத் தந்து, ஒரு வகுப்பைக் காட்டிவிட்டுப் போனார். பயிற்சி பெறாத ஆசிரியர் என்ற பெயரோடு ஏழு வருடம் படிப்பித்த பிறகுதான் ஆசிரிய கலாசாலைக்குப் போனேன். தர்சினிக்கோ முதல் நாளிலிருந்தே ஒரு வழிகாட்டி ஆசிரியை. கடைசி வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் வகுப்பு சந்தையாகி, ஒரு பையன் யன்னலில் ஏறி நின்றானாம். அந்த அம்மையார் கதிரையை விட்டு அசையவில்லையாம். பிள்ளைகள் போன பிறகு, "நாளைக்கு என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டாராம். தர்சினி அழுதுகொண்டு வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எழுந்து போய் வகுப்பை அடக்கி, அவளுடைய வகுப்பை என்னுடையதாக்கிவிட்டு வந்திருப்பேன். பக்கத்தில் இருந்தும் கையை மடியில் வைத்திருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று படிப்பித்தவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு இளவேனிலில் இறுதிப் பரீட்சை நாள் வந்தது. ஒரே நாளில் புவியியலில் ஒரு பாடம், கணிதத்தில் ஒரு பாடம், அதன்பின் கேள்வி பதில். நான்கு பரீட்சகர்கள் பின்னால் இருப்பார்கள். தவறினால் இன்னும் ஒரு தடவைதான். அதிலும் தவறினால் இரண்டு வருடமும் போய்விடும், அவள் இந்த நாட்டில் ஆசிரியராகவே முடியாது. இதை நான் ஒவ்வொரு நாளும் அவளுக்கு நினைவூட்டியதாக என் மனைவி புவனம் குற்றம் சொல்கிறாள். ஒவ்வொரு நாளும் இல்லை, அநேகமான நாட்களில். பரீட்சைக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது தர்சினி, பரீட்சகர்களுக்குக் கோப்பியும் கொறிக்க ஏதாவதும் வைப்பது இங்கே வழக்கம் என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு பாடம் வந்துவிட்டது.

கலாசாலையில் எங்கள் கற்பித்தல் பரீட்சை நாளில் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நண்டுக்கறியும் பிட்டும் செய்விப்போம். பரீட்சகர் முதலில் சாப்பிடுவார், வெற்றிலை போடுவார், அதன் பிறகுதான் வகுப்புக்கு வருவார். அதை நாங்கள் ஒருபோதும் லஞ்சம் என்று நினைத்ததில்லை. வந்த மனிதரை வெறும் வயிற்றோடு வேலை வாங்குவது மரியாதையில்லை என்றுதான் நினைத்தோம். ஆகவே, கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ் என்று முடிவாயிற்று. நான் பிள்ளையாருக்கு விரதம் என்பதால் மரக்கறி ரோல்ஸ். "ஆளுக்குப் பத்து" என்று கணக்குப் பார்த்து நாற்பது என்றேன்.

"நாலு பேருக்கு நாப்பதோ? கலியாண வீடே?" என்றாள் புவனம்.

"அம்மா, உறைப்பைக் குறையுங்கோ. ப்ளீஸ்" என்றாள் மகள்.

"உறைப்பில்லாத ரோல்ஸை நான் ஒருத்தருக்கும் குடுத்ததில்லை. நீ போய்ப் படு."

காலையில் பொரித்த சூட்டோடு போக வேண்டும் என்பதால், தர்சினி முன்னால் போய்விட, நான் பத்து மணிக்கு நகர ரயிலில் தட்டைக் கொண்டு போனேன். கொண்டாட்டங்களுக்கு இரவல் போகிற எங்கள் பெரிய எவர்சில்வர் தட்டு. மாறிப்போகாமல் இருக்க தட்டின் வெளிப்பக்கத்தில் புவனம் நகப்பூச்சால் தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் விக்டர் என்பவர் அதை வாங்கி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தார். அந்த அறைக்கு நேரெதிரே அவருடைய சின்ன அறை. வெளியே மழை என்று சொல்லி அங்கே இருந்துகொண்டேன். மழை விட்டும் நான் எழும்பவில்லை.

விக்டர் கசகஸ்தானில் பிறந்த ஜெர்மன்காரர். பாண் ரொட்டியையும் தொத்திறைச்சியையும் வெட்டி என் பக்கம் நகர்த்தினார். நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன்.

"பன்றி இல்லை. மாடு" என்றார்.

மாடு என்றதும் இன்னும் பின்னால் சாய்ந்தேன். "இல்லை. இன்றைக்குச் சாப்பாடு இல்லை. கடவுள். மகள். பரீட்சை" என்றேன். என் ஜெர்மன் மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கற்றது. பதற்றம் வந்தால் சொற்கள் தனித்தனியாகக் கழன்றுவிடும்.

"ஓ, ரமழான்!" என்று அவர் தலையசைத்தார். "ஆனால் அது இலையுதிர் காலத்தில் அல்லவா வரும்?"

"இல்லை, இந்து."

"இந்துக்களுக்கும் ரமழானா?" என்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் ஊரில் வைத்த பாணைத் தொடாதவன் ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் பொலிஸ்."

எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் கணித பாடத்துக்கு முன்னால் பரீட்சகர்கள் நால்வரும் எதிர் அறைக்கு வந்தார்கள். தலைவி வெள்ளைமுடி வைத்த உயரமான அம்மையார். மூடியைத் திறந்தார், குனிந்து மணந்து பார்த்தார், ஏதோ சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு மூடியை அப்படியே மூடினார். எல்லோரும் தங்கள் பைகளிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு ரோல்ஸ் குறையவில்லை.

யாழ்ப்பாணத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரத் தட்டில் கை வைக்காமல் எழுந்தால், வாய் திறந்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. என் மூத்த தங்கைக்கு அப்படி மூன்று தட்டுகள் முழுசாகத் திரும்பி உள்ளே போனதை நான் பார்த்திருக்கிறேன். கைத்தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்தேன்.

"ஒருத்தரும் தொடேல்லை" என்றேன்.

"ஐயோ, உறைப்புக் கூடிப்போச்சோ?"

"வாயில வைச்சால்தானே உறைப்பு! மூடியைத் திறந்து பாத்திட்டு மூடிப்போட்டினம்."

"நீங்கள் ஏன் அதில நிண்டு பாக்கிறியள்? வீட்டை வாங்கோவன்!"

போக ஏலாது என்று சொல்லிவிட்டு வைத்தேன். சற்றுப் பொறுத்து தலைவி தனியாகத் திரும்பி வந்து விக்டரிடம் ஏதோ சொல்ல, அவர் ஒட்டுநாடாவையும் பேனையையும் எடுத்துப் போய்த் தட்டில் எதையோ ஒட்டினார். திருப்பியனுப்ப முத்திரை வைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்குப் பிறகுதான் தர்சினி வந்தாள். கேள்வி பதிலும் முடிந்து, நால்வரும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு புள்ளி போட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்பா! இன்னும் போகேல்லையோ?" என்றாள். முகம் காய்ந்திருந்தது. "எப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டேன்.

"கணிதத்தில ஒரு பெடியன் பிழையான விடை சொன்னவன். நான் அதை ஏனெண்டு கேக்காமல் அடுத்த பிள்ளையிட்டப் போயிட்டன். அதிலதான் நல்ல விளக்கம் வந்திருக்கும். பிறகு கேள்வி பதிலில முதல் கதையா அதைத்தான் சொன்னன்."

"அதை ஏன் பிள்ளை சொன்னனீ? அவை கவனிச்சிருக்கமாட்டினமே!"

"கவனிச்சவை, அப்பா. நான் கவனிச்சனானோ எண்டுதான் பாக்கினம்."

இருபத்தொரு வருடம் படிப்பித்த எனக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நண்டு சாப்பிட்ட பரீட்சகர் என்னுடைய பாடம் 'மிக நன்று' என்று சொன்னார். என்ன நன்று என்று சொல்லவில்லை. நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அப்போது எனக்கு அந்த யோசனை எல்லாம் வரவில்லை. "தட்டைத் தொடேல்லை, பிள்ளை" என்றேன்.

அவள் முதன்முதலாகச் சிரித்தாள். "புள்ளி சொல்லுமட்டும் சாப்பிடமாட்டினம். தலைவி காலமையே சொல்லிப்போட்டா. சாப்பிட்டிட்டுப் புள்ளி போட்டால், நாளைக்கு வேற பிள்ளையின்ர அப்பா என்ன நினைப்பார்?"

கதவு திறந்தது. அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் விக்டரின் அறைச் சுவரில் தொங்கிய பூட்டுத் திறப்புகளை எண்ணினேன். முப்பத்தாறில் கணக்குப் பிசகி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பிறகு கைதட்டல் கேட்டது. "நன்று" என்ற தரத்தில் சித்தியடைந்துவிட்டாள். தலைவி நேரே தட்டிடம் போய் மூடியைத் திறந்தார். என்னையும் உள்ளே அழைத்து, வாயில் ரோல்ஸை வைத்துக்கொண்டே சொன்னார்: "பத்தரை மணியிலிருந்து இந்த மணம்! உங்கள் மகளைவிட எங்களுக்குத்தான் இன்று கடினமான பரீட்சை." அவருடைய கண்கள் உறைப்பில் கலங்கியிருந்தன. ஆனால் மூன்று சாப்பிட்டார். நான் எண்ணினேன். விக்டருக்கும் ஐந்து போயிற்று. தர்சினி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தபோதுதான் விடியலிலிருந்து நானும் பட்டினி என்பது நினைவு வந்தது. பக்கம் சாயக்கூடாது என்பதற்காக அவர்கள் சாப்பிடாமல் இருந்தார்கள். பிள்ளையார் எங்கள் பக்கம் சாயவேண்டும் என்பதற்காக நான் சாப்பிடாமல் இருந்தேன். ஒரே கட்டடத்தில், எதிரெதிர் அறைகளில்.

திரும்பும்போது ரயிலில் மடியில் இருந்த தட்டைப் பார்த்தேன். புவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் விக்டரின் ஒட்டுநாடா. 'புள்ளி சொன்ன பிறகே' என்று ஜெர்மனில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அந்தத் தற்காலிக நியமனம் பரீட்சையோடு முடிகிறதே, நிரந்தர நியமனம் வரும்வரை இவள் யார் என்ற அடுத்த கவலையை நான் அதற்குள் தொடங்கிவிட்டேன். வீட்டில் புவனம் நாடாவைச் சுரண்டப் போனாள். விடச் சொன்னேன்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டுக்கு அந்தத் தட்டு நாடாவோடேயே இரவல் போனது. ரோல்ஸ் நிறைத்து மேசையில் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் கதைத்துக்கொண்டே வந்து ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். இங்கே பிறந்த சின்னதுகள் இரண்டு மட்டும் நாடாவை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, யார் புள்ளி சொல்லப் போகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தன. எனக்கு நல்ல பசி. என் கையும் தட்டுக்கு மேலே போயிருந்தது. எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை, கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன்.