பின்பக்கத்திலிருந்து எழுதிய பெயர்கள்

காலை 7.20க்கு ஹனோவரில் ரயில் ஏறினேன். பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, எனக்கு ஓய்வு நாள். நீன்பூர்க் வரை ஐம்பது கிலோமீற்றர். அங்கிருந்து சதுப்பு நிலத்துக்குள் இருக்கும் ஒரு கிராமத்துக்கு இன்னும் இருபத்துநான்கு. கிராமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று என்னை அனுப்பியவர் கேட்டுக்கொண்டார். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உள்ளபடி.

அனுப்பியவர் பெஹ்ரென்ஸ் என்ற ஜெர்மன்காரர். வயது தொண்ணூற்றொன்று. நான் பராமரிப்பாளராக வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறார். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் ஹின்ரிஷ் என்பவர், செல்லே நகரத்துப் பக்கம் காட்டில் மரம் திருடியதற்காக இரண்டு வருடத் தண்டனை பெற்றவர். அந்தக் காலத்தில் கைதிகளைக் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில் குடியிருத்தி வாய்க்கால் வெட்டச் செய்தார்கள். முதன்முதலில் போன கூட்டத்தில் ஹின்ரிஷும் இருந்தார். முதல் குளிர்காலத்திலேயே அதிகாரிகளிடமிருந்து அவருடைய மனைவிக்கு ஒருவரிக் கடிதம் வந்தது: "தப்பியோடிவிட்டான்." அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை.

பிறேமன் துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்கா போய்விட்டான், அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று ஊர் முடிவு செய்தது. மூன்று பிள்ளைகளோடு இருந்த அந்த மனைவியை மறுமணம் செய்யவும் விடவில்லை, விதவை என்று ஏற்கவுமில்லை. பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் அந்தக் குடும்பத்தில், அதற்குப் பிறகு ஒரு குழந்தைக்குக்கூட ஹின்ரிஷ் என்று பெயர் வைக்கவில்லையாம்.

"அவன் ஓடினானோ, செத்தானோ எண்டு பார்த்து வா. அங்கை வேதக்கோயிலிலை கைதிகளின்ரை அடக்கப் பதிவு இருக்குதாம். எனக்கு இனிப் பயணம் ஏலாது" என்றார் பெஹ்ரென்ஸ். அவர் பேசியது ஜெர்மன். நான் அதை எங்கள் தமிழில்தான் கேட்டேன், அப்படியே எழுதுகிறேன்.

ஒரு நோயாளிக்காக ஓய்வு நாளைச் செலவழிக்கிறாயே என்று வேலைத்தலத்தில் சிரித்தார்கள். அவர்களுக்கு என் அக்காவைப் பற்றிச் சொன்னதில்லை.

8.05. நீன்பூர்க். பேருந்து நிலையத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கிராமத்துக்கு ஒழுங்கான பேருந்து கிடையாது. முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவைத்தால் எட்டுப் பேர் ஏறும் சிறிய வண்டி ஒன்று வரும். வந்தது. கட்டணம் நான்கு யூரோ இருபது. சாரதி கண்ணாடியில் என்னை இரண்டு தரம் பார்த்தார்.

"அண்ணை தமிழோ?"

"ஓம்."

"அப்பிடித்தான் நினைச்சன். நான் ரமணன், பருத்தித்துறை. இந்த றூட்டிலை மூண்டு வருஷமா ஓடுறன், ஒரு தமிழ் ஆளை ஏத்தினது இதுதான் முதல். அங்கை ஆரைப் பாக்கப் போறியள்?"

"செத்துப்போன ஒருத்தரை."

"சொந்தமோ?"

"இல்லை."

வெளியே தட்டையான நிலம், கறுத்த மண், இடையிடையே நேர்கோடாய் ஓடும் வாய்க்கால்கள். அந்தக் கோடுகளைக் கைதிகள்தான் மண்வெட்டியால் போட்டார்கள் என்று தெரிந்தபின் அவற்றை வெறும் காட்சியாகப் பார்க்க முடியவில்லை. இறங்கும்போது ரமணன் சொன்னார்: "திரும்பிற வண்டி மூண்டு நாப்பதுக்கு. அதுவும் நான்தான். அதை விட்டால் நாளைக்குத்தான், அண்ணை. கவனம்."

9.00. தேவாலய அலுவலகம். ஃப்ராவ் லூடர்ஸ் என்ற அம்மையார் கதவைத் திறந்தார். அறுபது வயதிருக்கும், கம்பளிச் சட்டை, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். நான் எழுதிக் கேட்டு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், வாங்கியிருந்ததால் பதிவேடு மேசையில் காத்திருந்தது. வருகைப் படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம். என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டேன். அவர் அதைப் பார்த்தார்.

தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம். முன்பக்கத்தில் கிராமத்தவர்களின் அடக்கங்கள். கைதிகளைத் தேடினால் காணவில்லை. ஃப்ராவ் லூடர்ஸ் புத்தகத்தை மூடி, தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

"கைதிகளைப் பின்பக்கத்திலிருந்து எழுதினவர்கள். ஊராக்களோடை ஒரே பக்கத்திலை வரக்கூடாது எண்டு" என்றார்.

வரிசை எண், பெயர், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த நாள், காரணம். பழைய ஜெர்மன் கையெழுத்து எனக்கு வாசிக்க வராது. பெஹ்ரென்ஸ் அந்தப் பழைய எழுத்தில் ஹின்ரிஷின் பெயரை ஒரு அட்டையில் எழுதித் தந்திருந்தார். அட்டையை ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் வைத்து உருவத்தைப் பொருத்திப் பார்த்தேன். கூட்டத்துக்குள் ஒரு முகத்தைத் தேடுவது போல. அம்மையார் பக்கத்தில் அமர்ந்து காரணங்களை மட்டும் வாசித்தார். காய்ச்சல். காய்ச்சல். வயிற்றோட்டம். வாய்க்கால் கரை சரிந்தது. காய்ச்சல். காரணம் தெரியாது.

கடிதம் வந்த மாதத்தில் அவன் இல்லை. அதற்கு முந்திய மாதங்களிலும் இல்லை. பதினொரு மணியானபோது அம்மையார் தேநீர் கொண்டுவந்தார். எனக்குள் ஒரு கசப்பு ஊறியது. உண்மையிலேயே ஓடித்தான் விட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தக் கசப்பு எனக்குப் பழக்கமானது. என் அக்கா கிளிநொச்சியில் இருக்கிறார். யுத்தத்தின் கடைசி நாட்களில் அவருடைய கணவர், என் அத்தான், காணாமல் போனார். எங்கே என்று எந்தப் பதிவும் இல்லை. சில வருடங்களின் பின், அத்தானைப் பாரிசில் கண்டதாக ஒருவன் சொன்னான், வேறு பெண்ணோடு. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. நானும் நம்பினேன். அக்காவுக்குச் சொல்லாமல் பாரிசுக்குப் போய் நான்கு நாட்கள் தமிழ்க் கடைகளின் வாசல்களில் நின்று பார்த்தேன். அவரைக் கண்டால் அடிக்க வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். காணவில்லை. பிறகு அக்காவோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அத்தானின் பேச்சை மட்டும் தவிர்த்து வந்தேன்.

"வசந்த காலத்தையும் பார்ப்பம். பனி உருகினபிறகுதான் சிலரைக் கண்டெடுத்தவர்கள்" என்றார் ஃப்ராவ் லூடர்ஸ்.

ஏப்ரல் மாதப் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியில், அட்டையின் எழுத்தும் புத்தகத்தின் எழுத்தும் ஒன்றாகின. நான் விரலை வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்துக் குருவானவர் எழுதியதை மெதுவாக வாசித்தார்:

"பெஹ்ரென்ஸ், ஹின்ரிஷ். வயது முப்பத்துநான்கு. குளிர்காலத்தில் தப்பிய கைதி. வடமேற்கு வாய்க்காலின் முடிவில் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டான். சட்டை எண்ணால் அடையாளம். தப்பிய இரவே இறந்திருக்க வேண்டும். மணி அடிக்கப்படவில்லை. நான் ஜெபம் செய்தேன்."

கடைசி வாக்கியத்தை அவர் இன்னொரு தரம் வாசித்தார். "மற்ற ஒருத்தருக்கும் இப்பிடி எழுதேல்லை" என்றார்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவன் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்? அவர் சுவரில் தொங்கிய வரைபடத்தைக் காட்டினார். மனைவி பிள்ளைகள் இருந்த ஊர் கிழக்கே. வாய்க்காலின் முடிவு வடமேற்கே, பிறேமன் பக்கம், கப்பல்களின் பக்கம். குடியிருப்பிலிருந்து இரண்டரைக் கிலோமீற்றர். அவன் அவ்வளவு தூரம்தான் போயிருக்கிறான். அதுவும் வீட்டுக்கு எதிர்த்திசையில்.

பகல் 1.15. வாய்க்காலைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. தேவாலயச் சுவரோரம் நின்று கொண்டுவந்த பாண் துண்டுகளைச் சாப்பிட்டேன். பிறகு நடந்தேன். அரை மணி நேரத்தில் தார்ச்சாலை முடிந்து மண்பாதை. அது முடிந்ததும் ஒரு மரப்பலகை, அதற்கு அப்பால் கருந்தண்ணீர். வேறொன்றும் இல்லை. அங்கே நின்றிருந்தபோதுதான் மூடுபனி வந்தது. வயலிலிருந்து எழும்பி, முழங்கால், இடுப்பு, தலை என்று மூடியது. ஐந்து நிமிடத்தில் என் கையை நீட்டினால் விரல்கள் மங்கின.

பாதையில் திரும்பி நடக்கிறேன் என்றுதான் நினைத்தேன். இருபது நிமிடம் நடந்தேன், ஒரு மணி நேரம் நடந்தேன். தார் வரவில்லை. காலடியில் மண் மெத்தென்று அமுங்கத் தொடங்கியது. கைபேசியில் சிக்னல் இல்லை. நான் வாய்க்கால் பக்கம் வந்திருப்பது ஒருவருக்கும் தெரியாது, பெஹ்ரென்ஸும் என்னை மறுநாள் காலை வரை தேடமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று தெரியாமலே "ஆராவது இருக்கிறியளோ?" என்று தமிழில் கூப்பிட்டேன்.

மூன்று ஐம்பத்தைந்து இருக்கும், தூரத்தில் ஒரு வண்டியின் ஹோர்ன் கேட்டது. நிறுத்தி, மறுபடி. எனக்கு நேர் பின்னால். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தரிப்பிடத்தில் என்னைக் காணாமல், ஃப்ராவ் லூடர்ஸிடம் விசாரித்து, மண்பாதை தொடங்கும் இடம்வரை ரமணன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"என்ன அண்ணை, எங்கை போய்க்கொண்டிருந்தனீங்கள்?"

"கோயிலுக்கு."

"கோயில் இஞ்சால. நீங்கள் உள்ளுக்கல்லோ போயிருக்கிறியள். ஏறுங்கோ, ஏறுங்கோ. ஹீற்றரைக் கூட்டி விடுறன்."

என் காலுறைகள் நனைந்திருந்தன. நீன்பூர்க் வரும்வரை நடுக்கம் நிற்கவில்லை. அவர் தன் ஃபிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார்.

மாலை 5.50. வீட்டுக்குப் போகாமல் நேரே முதியோர் இல்லத்துக்குப் போனேன். பெஹ்ரென்ஸ் இரவுச் சாப்பாட்டை முடித்து ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். அந்த வரியை எழுதிவந்த தாளைக் கையில் கொடுத்தேன். அவர் அதை வாசித்தார்.

"அமெரிக்கா இல்லை" என்றார்.

"இல்லை. தப்பின இரவே செத்திருக்கிறார்."

"வடமேற்கு எண்டால் பிறேமன் பக்கம். வீட்டுப் பக்கம் இல்லை."

பொய் சொல்ல வந்தது. சொல்லவில்லை. "நான் இண்டைக்கு அந்த இடத்திலை நிண்டு வழி தவறினனான். கோயிலுக்குப் போறன் எண்டு நினைச்சு எதிர்ப்பக்கம் போனன். அவர் எங்கை போக நினைச்சவர் எண்டு அந்த வாய்க்காலை வைச்சுச் சொல்ல ஏலாது" என்றேன்.

அவர் என் நனைந்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அவனுக்கு முன் வரியிலையும் பின் வரியிலையும் ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போகுமுன், அக்காவை அழைத்தேன். அங்கே பத்தரை. முழுவதையும் சொன்னேன். பாரிசுக்குப் போனதையும் சொன்னேன். அந்தப் பக்கம் கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தாளின்ரை பெண்சாதிக்கு ஆரும் போய்ச் சொன்னவையோ, தம்பி?"

"இல்லை அக்கா. புத்தகத்திலை எழுதினதோடை சரி. அவ ஒண்டும் தெரியாமலே முப்பத்தொரு வருஷம் இருந்து செத்தவ எண்டு பெஹ்ரென்ஸ் சொன்னவர்."

"முப்பத்தொண்டு" என்றார். பிறகு, "பாரிசிலை நீ நிண்டது எனக்கு அப்பவே தெரியும். கடைக்காரர் ஒராள் சொன்னவர். என்னை நம்பாட்டிலும் பரவாயில்லை, உன்ரை அத்தானை நம்பியிருக்கலாம் நீ" என்றார்.

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சரி, விடு. அந்தக் குருவானவர் எழுதினதை ஒருக்கா வாசி."

என் குறிப்புப் புத்தகத்திலும் எழுதிவைத்திருந்ததை முதலில் ஜெர்மனில் வாசித்தேன், பிறகு தமிழில். மணி அடிக்கப்படவில்லை. நான் ஜெபம் செய்தேன்.

"கைதியள் எண்டாலும் எழுதியிருக்கினம் பார்" என்றார் அக்கா. "எங்களுக்கு அதுகும் இல்லை."