கம்பான்யாவில் அத்தைக்கு ஒரு வேலை

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகும் வழியில் எங்களுக்கு ஒரு வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது அதற்கு இத்தாலியப் பெயர் வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கொல்லையை விற்றார். வாங்கியவர்கள் மஞ்சள் கல் நட்டு மனை பிரித்து, ரோட்டோரம் ஒரு வளைவு கட்டி, அதன் மேல் ஆங்கிலத்தில் ‘கம்பான்யா’ என்று எழுதினார்கள். அங்கே மனை விற்றுக் கொடுக்கிற வேலை அம்மாவின் தம்பிக்கு, அதாவது மாமாவுக்குக் கிடைத்தது.

சென்னையிலிருந்து வந்த மேனேஜர்தான் பெயருக்கு அர்த்தம் சொன்னார். இத்தாலிக்காரர்கள் நாட்டுப்புறத்தை அப்படிச் சொல்வார்களாம். ரோம் நகரத்தைச் சுற்றியிருந்த வெட்டவெளியைப் பார்க்கப் போன வெள்ளைக்காரர்கள், அந்தச் சொல்லையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து ஆங்கிலத்தில் புழங்க விட்டுவிட்டார்களாம். ஆங்கிலத்தில் நாட்டுப்புறத்துக்குச் சொல் இல்லாமல் இல்லை. இருந்தாலும் அடுத்தவன் வீட்டுச் சொல்லால் சொன்னால் காலில் சேறு ஒட்டாது போலிருக்கிறது. பிற்பாடு கல்லூரியில்தான், கோடையில் வெட்டவெளிக்குப் படை கிளம்புவதற்கும், தேர்தலில் ஜீப்பில் நின்று கத்துவதற்கும் ஆங்கிலத்தில் உள்ள ‘கேம்பெய்ன்’ என்ற சொல்லும் இதே வம்சம் என்று படித்தேன்.

மாமா முன்பு சென்னையில் ஒரு துணிக்கடையில் இருந்தார். முதலாளி ‘நாட்டுப்புறம்’ என்று திட்டினார் என்பதற்காகவே வேலையை உதறிவிட்டு ஊருக்கு ரயிலேறிய ரோஷக்காரர். அதே வார்த்தையை இத்தாலிய மொழியில் சொன்னால் சதுர அடிக்கு விலை ஏறும் என்று தெரிந்ததும், அந்த ரோஷம் போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வேனில் ஆட்களை அழைத்து வருவார்கள். முதலில் மலைமேல் சாமி தரிசனம், அப்புறம் மனை. மொட்டைத் தலையில் சந்தனம் காயாமலே இறங்குவார்கள். நான் இங்கிலீஷ் மீடியம் என்பதால் எனக்கும் வேலை இருந்தது. வளைவுக்குக் கீழே நின்று, கம்பான்யா என்பது இத்தாலியச் சொல், நாட்டுப்புறம் என்று பொருள், ஆங்கிலத்திலும் வழங்கும் என்று ஆங்கிலத்தில் ஒப்பிக்க வேண்டும். கை தட்டுவார்கள். மாமா கோன் ஐஸ் வாங்கித் தருவார். அந்தக் காலத்தில் எனக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருப்பதாகத் தெரியாது.

நாட்டுப்புறமாக நடித்தது அத்தை. நைனாவின் தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷத்திலேயே திரும்பி வந்தவள். கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் கொட்டாய் போட்டுக் குடியிருந்து, இரண்டு எருமை வைத்து, டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தாள். கூடப்பிறந்தவள் கையெழுத்து இல்லாமல் கிரயம் ஆகாது என்று நைனா அவளைத் திருத்தணி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப்போனார். நானும் போனேன். போகும் வழியில் அத்தைக்குப் பச்சைப் புடவை, வரும் வழியில் ஓட்டலில் பூரி. கொட்டாய் இருக்கிற இடம் உனக்குத்தான், அதை யாரும் தொட மாட்டார்கள் என்று நைனா சொல்ல, அத்தை என் தட்டில் இன்னொரு பூரியை வைத்தாள். எனக்கு அது ஒரு சுற்றுலா.

அத்தை மற்ற நாளெல்லாம் நைட்டி போட்டு மேலே ஒரு துண்டு போட்டிருப்பாள், எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரையும் போல. நாட்டுப்புறம் நைட்டி போடாது என்று மாமா தடை விதித்தார். பச்சைப் புடவை கட்டி, வேப்பமரத்தடியில் புல் அறுக்க வேண்டும், மண்பானையில் மோர் வைத்திருக்க வேண்டும், போனில் பேசக் கூடாது. அத்தை எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்தாள். வந்தவர்கள் எருமையோடு அவளை நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். தன்னை வைத்துத்தான் மனை விற்கிறது, தன்னை எப்படி அனுப்புவார்கள் என்று அவளுக்கு ஒரு தெம்பு. எனக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேன் வருவதற்கு முன்னால், சாமியானாவில் மாட்டியிருந்த மனை வரைபடத்தை அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அது முழுக்க ஆங்கிலம்.

“பாப்பா, நம்ம கொட்டாய் எந்த நம்பர்ல வருதுன்னு பாத்து சொல்லு.”

வரைபடத்தில் கிணற்றை அடையாளம் வைத்துத் தேடினேன். பக்கத்தில் பச்சை வர்ணம் அடித்த ஒரு சதுரம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன் கொட்டாய் இருக்கிற இடத்தில் பார்க் வருகிறது அத்தை, ஊஞ்சல் கூடப் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

“நம்பர் இல்லியா?”

“பார்க்குக்கு நம்பர் கெடையாது அத்தை. அது எல்லாருக்கும்.”

அத்தை “ஆங்” என்றாள். நேராக மாமாவிடம் போய் ஏதோ கேட்டாள். மாமா தரையைப் பார்த்தபடி, உங்கண்ணனைக் கேளு என்றார். அதற்குள் வேன் வந்துவிட்டது. அத்தை புல் அறுத்தாள், மோர் ஊற்றினாள், படத்துக்கு நின்றாள். நானும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன்.

பொழுது சாயும்போது அத்தை வீட்டுக்கு வந்தாள். நைனா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கோழிக் குழம்பு. மாமாவும் இருந்தார். அத்தையைப் பார்த்ததும் அம்மா அடுப்படியில் பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டாள். சண்டை வரப்போகிறது என்று எனக்குக்கூடத் தோன்றியது, அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். நைனா தட்டைப் பார்த்தபடியே, உட்காரு, சாப்பிடு என்றார். அத்தை உட்காரவில்லை.

“அண்ணா, அங்க பார்க் வருதாமே. அத பெருக்கிகினு, செடிக்கு தண்ணி ஊத்திகினு இருக்க ஒரு ஆளு வேணும்ல. வேற யாருக்குனா குடுத்துடப் போறாங்க. என்ன வெச்சிக்க சொல்லி ஒரு வார்த்த சொல்லுண்ணா.”

அதற்கென்ன, நானே மேனேஜரிடம் பேசி முடித்துவிடுகிறேன் என்று மாமா அவசரமாகச் சொன்னார். அத்தை தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கே நம் அத்தை கையில், ஊஞ்சலில் என்னை யார் இறக்கிவிட முடியும்?

ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எங்களைத் திட்டுகிற நைனா, பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து, கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. போகும்போது பார்த்தேன், கண்ணில் தண்ணீர். அத்தை கத்தவில்லை, யாரையும் ஏசவில்லை, கேட்ட வேலையும் கிடைத்துவிட்டது. பிறகு எதற்கு அழுகை? குழம்பில் காரம் கூடிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நைனாவின் தட்டில் தொடாத கால் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துத் தின்று பார்த்தேன். காரம் சரியாகத்தான் இருந்தது.