நான் கட்டச் சொன்ன கைகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. அன்று காலை எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். "கை கட்டு" என்பேன், வகுப்பு மொத்தமும் கையைக் கட்டிக்கொள்ளும். "வாயில் விரல்" என்பேன், மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். பிரின்சிபால் மற்ற டீச்சர்களைக் கூட்டிவந்து என் வகுப்பு வாசலில் நிறுத்தி, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. நாலு வயதிலேயே பாண்டிச்சேரி டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார். பேச்சு குறைவு. சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் விசிறுவாள். பயமோ வலியோ வந்தால் கையை வேகமாக உதறிக்கொண்டு, 'ம்ம்ம்' என்று விடாமல் முனகுவாள். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஊர்ப் பிள்ளைகளை அடக்குகிற டீச்சருக்குச் சொந்தப் பிள்ளையை அடக்கத் தெரியவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் அது. அவளைப் பற்றிய கவலை அதில் எதுவும் இல்லை.

விழாவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்களே என்று மூன்று மாதம் முன்பே ஆரம்பித்தேன். கையை உதறினால் "கை கட்டு". முனகினால் "வாயில் விரல்". சொன்னபடி செய்தால் நோட்டில் ஒரு ஸ்டார், பத்து நிமிஷம் போன், கூடவே ஒரு "குட் கேர்ள்". செய்யாவிட்டால், செய்கிறவரை நான் அவளோடு பேசமாட்டேன். என் வீட்டுக்காரர் பிரம்மதேசம் பக்கம் சொந்த நிலத்தில் நிலக்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போடுகிறவர். "அவ பாட்டுக்கு ஆட்டிக்கினு போறா, ஒனக்கு இன்னா கஷ்டம்" என்று ஒரு தடவை கேட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

மண்டபத்தில் மேளமும் மைக்செட்டும் காதைப் பிளந்தன. என் மகள் முன்வரிசை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாத்தனாருக்கு நம்பவே முடியவில்லை. "அண்ணி, நம்ம பாப்பாவா இது? தங்கமா குந்திக்கினு இருக்குது பாருங்க" என்றாள். ஒவ்வொருவரிடமும் நான் எப்படிப் பழக்கினேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பந்தியில் அவள் இலையையே தொடவில்லை. முந்தின நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கூட்டமும் சத்தமும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு முறை கட்டின கையை அவிழ்த்து உதறப் பார்த்தாள். நான் தூரத்திலிருந்தே கண்ணைக் காட்டினேன். உடனே திரும்பக் கட்டிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்று வீட்டுக்காரர் அவளைத் தூக்கினார். தூக்கினவர் முகம் மாறிவிட்டது. "புள்ள ஒடம்பு நெருப்பா கொதிக்குதுடி. காலைலேர்ந்து கூடவே இருக்கிற, தொட்டுப் பாக்கலியா?" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் தோளிலேயே பச்சையாக வாந்தி எடுத்தாள். திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வயிற்றை அமுக்கிப் பார்த்ததுமே ஆம்புலன்ஸ் வைத்து விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பயணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் முகம் வெளுத்தது. ஒரு கை நெஞ்சின்மேல் மடங்கியிருந்தது, இன்னொரு கையின் விரல் வாயில். அழுடி, கத்துடி, கையை எடுடி என்று நான் கெஞ்சினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "குட் கேர்ள்" என்று அவளே சொன்னாள்.

குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். ஆபரேஷன் செய்த டாக்டர், "ரெண்டு நாளாவது துடிச்சிருக்கணுமே. கொழந்த ஒண்ணுமே காட்டலியாம்மா?" என்று கேட்டார். பிழைப்பாள் என்று மறுநாள் மதியம் வரைக்கும் யாரும் உறுதி சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வார்டுக்கு ஒரு மனநல ஆலோசகர் வந்தார். சின்ன வயதுப் பெண். என்னைப் பார், பேர் சொல்லு என்றெல்லாம் என் மகளிடம் கேட்கவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சும்மா இருந்தார். அவள் விரல் நுனி லேசாக அசைந்தபோது தானும் அதேபோல அசைத்தார். அப்புறம் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் கொட்டினேன். நன்றாகத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்களும் ஊருக்குப் பயந்துக்கினுதான் இதப் பண்ணியிருக்கீங்க" என்றார். "ஆனா அவ கைய ஒதறுறதும் மொனகுறதும் கெட்ட பழக்கம் இல்லீங்க. அவ பேசுறதே அதுலதான். புள்ளய மாத்த வேணாம். வீட்ட அவளுக்கு ஏத்த மாதிரி மாத்துவோம், நானும் கூட இருக்கேன்." அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியே இருக்கலாம்.

ஒரு வருடம் சனிக்கிழமை தவறாமல் மூன்று பேரும் விழுப்புரம் போனோம். பாதி நேரம் பாடம் எனக்குத்தான். பள்ளியில் "கை கட்டு" என்று சொல்வதை விட்டுவிட்டேன். வகுப்பு ஒரே இரைச்சல் என்று பிரின்சிபால் குறைப்படுகிறார். படட்டும்.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. சந்தோஷம் வந்தால் கையை விசிறுகிறாள், அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிட்டது. போன மாதம் கதவிடுக்கில் அவள் விரல் நசுங்கியது. நான் இரண்டடி தள்ளி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் விரலைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். அப்புறம் வெறுங்காலோடு வெளியே நடந்து, வயலில் இருந்த அப்பாவிடம் போய் விரலைக் காட்டினாள். கையை உதறி உதறி முனகினாள். பின்னாலேயே போன நான், என்னைக் கண்டால் நிறுத்திவிடுவாளே என்று வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

அவள் உயிரை டாக்டர்கள் மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். வலித்தால் அம்மாவிடம் போகலாம் என்று அவளுக்குத் தோன்றுகிற நாள் மட்டும் இன்னும் வரவில்லை, அது வராமலே போனாலும் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.