நுகத்தடியின் மறுமுனை

எண்பதுகளின் தொடக்கத்தில் செங்கத்தில் கால்நடை உதவியாளராக இருந்தேன். ஆனி மாதம், ஒரு விடியற்காலை, ஜவ்வாது மலை குலுங்கியது. எங்கள் ஊரில் பாத்திரங்கள் உருண்டதோடு சரி. மலைமேல் ஒரு சின்ன ஊரில் கல்லடுக்கிக் கட்டிய மாட்டுக்கொட்டகைகள் மொத்தமாகச் சரிந்துவிட்டன. நல்லவேளை, மனித உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் உழவு மாடுகள் கல்லுக்கடியில் போய்விட்டன. மருந்துப்பெட்டியோடு பஸ்ஸில் பாதி, நடையில் மீதி என்று போய்ச் சேர்ந்தேன்.

அரிசியும் போர்வையும் எனக்கு முன்பே வந்திருந்தன. மாட்டை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

அங்கே ஒரு பெண். சுவர் விழுந்து கணவனுக்குக் கை முறிந்திருந்தது. ஜோடி மாட்டில் செவலை மட்டும் மிஞ்சியிருந்தது.

"மழை பேஞ்சு மண்ணு பதமா கீது சார். இப்ப சாமை வெதைக்கலன்னா வூட்டைச் சாத்திட்டு வாணியம்பாடி தோல் ஷாப்புக்குக் கூலிக்குப் போவ வேண்டியதுதான். நான் போவ மாட்டேன்" என்றாள். அழுகையெல்லாம் இல்லை, கோபம்தான். நானும் முன்கோபக்காரன். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

ஓடைக்கு அந்தப் பக்கம் அவளுடைய மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், வீடு. அவரிடமும் ஒற்றை மாடுதான் மிஞ்சியிருந்தது, ஒரு மயிலை. ஆனால் ஒரு புளியமரத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பல வருஷமாகப் பேச்சே கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் இரண்டு பேர் நிலமும் உழுதாகிவிடுமே என்று நான் நடுவில் நின்று கெஞ்சினேன். அதிசயமாக அவர் தலையாட்டினார்.

பூட்டினால், அட கஷ்டமே, இரண்டும் இடப்பக்கத்து மாடு! ஏரில் ஒரு பக்கம் பழகிய மாடு மறுபக்கம் லேசில் நிற்காது. இரண்டும் முட்டி மோதிச் சுற்றியதில் செவலை என் காலை மிதித்ததுதான் மிச்சம்.

"ஒண்ணை வலப்பக்கம் பழக்கணும்" என்றேன்.

"எம்மாடு இன்னாத்துக்கு மாறணும்? அவங்க மாடு மாறட்டும்" என்று மயிலையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார் மூத்தார். புளியமரத்துச் சண்டை மாட்டின் தலையில் வந்து விடிந்தது.

மறுநாள் காலை அவள் நிலத்துக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நுகத்தடியின் வலப்பக்கம் செவலை. இடப்பக்கத்து முனை அவள் தோளில்! நிவாரணத்துக்குக் கொடுத்த போர்வையை மடித்து அடியில் வைத்திருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"பழக்கறேன் சார். பக்கத்துல யாராச்சும் நின்னாத்தானே அதுக்கு எந்தப் பக்கம் நிக்கறோம்னு தெரியும்? சும்மா பாத்துனு நிக்காம மூக்கணாங்கயித்தைப் புடிங்க."

சர்க்கார் ஆளுக்கே உத்தரவு! ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.

அதன்பின் தினமும் அதே வேலைதான். செவலை இடப்பக்கமே இழுக்கும், அவள் விழுவாள், மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி தோள் கொடுப்பாள். தோல் உரிந்துவிட்டது. என்னிடம் இருந்ததோ மாட்டின் கழுத்துப் புண்ணுக்குப் போடும் களிம்பு. தயங்கி எடுத்தேன். "இப்ப நானும் மாடுதானே, குடுங்க" என்று சிரித்தாள். டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று மூத்தார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். செவலை ஒருவழியாக வலப்பக்கம் சாதுவாக நடக்க ஆரம்பித்ததும் ஏரைக் கட்டிப் பார்த்தோம். கொழு மண்ணில் இறங்கியதும் பாரம் தாங்காமல் அவள் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பலமாகப் பிடித்துக்கொண்டால் பதம் போய்விடும். அவள் எழுந்து மறுபடியும் நுகத்தடிக்குக் கீழே குனிந்தாள்.

அப்போது மயிலையை ஓட்டிக்கொண்டு மூத்தார் ஓடையைக் கடந்து வந்தார்.

"எறக்கும்மா. உன் தோள் இதுக்கா கீது?" என்று தன் கையாலேயே நுகத்தடியைத் தூக்கி மயிலையின் கழுத்தில் வைத்தார். செவலை முரண்டு பிடிக்காமல் வலப்பக்கம் நின்றது.

"உங்க கொல்லையை மொதல்ல உழுதுக்கோங்க மாமா" என்றாள் அவள். பல வருஷம் கழித்து அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"வாயை மூடினு போய் வெதையைக் கொண்டாம்மா" என்று அவள் நிலத்திலேயே முதல் உழவுச்சால் போட்டார். உழுது விதைத்து முடித்தபிறகுதான் தூறல் விழுந்தது. அந்த வருஷம் அவள் வீடு சாத்தப்படவில்லை.

யாருக்காவது உதவிக்குப் போக வேண்டியிருந்தால், என்ன எடுத்துக்கொண்டு போவது என்று இப்போதும் கொஞ்சம் யோசிப்பேன். அதற்குள் அந்த நுகத்தடியின் மறுமுனை நினைவுக்கு வந்துவிடும், வெறுங்கையோடாவது கிளம்பிவிடுவேன்.