பல்பு மாட்டாத விளக்கு

நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். பள்ளிப் படிப்போடு சரி. இப்படி எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன், இன்றும் அப்படித்தான். ஆனால் இது நடந்தது.

அறுபதுகளில் போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் குடியிருந்தோம். பலகை வீடு, கரண்ட் வரவில்லை. என் கணவர் ஓர் அதிகாரிக்கு டிரைவர். அந்த அதிகாரி மெயின்லேண்டுக்கு மாற்றலானபோது, கப்பலில் நசுங்கிவிடும் என்று, கல்கத்தாவில் ஆசையாக வாங்கிய விளக்கை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஆளுயரக் கறுப்புக் கம்பி, அதிலிருந்து கொக்கின் கழுத்து போல வளைந்த மூன்று பித்தளைக் கைகள், ஒவ்வொரு முனையிலும் கூம்பு மூடி. வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, சிலை போல அழகுக்கும் வைப்பதாம்.

"கரண்டே இல்லாத வீட்டுக்கு இது எதுக்குங்க?"

"வராமலா போயிடும்? அதுவரைக்கும் ஒம் மவன் துணியைக் காயப்போடு."

விளையாட்டாகத்தான் சொன்னார், நான் நிஜமாகவே போட்டேன். அந்தமான் மழையில் எதுவும் காயாது. அதில் போட்டவை மட்டும் காய்ந்தன, இளஞ்சூட்டோடு.

"அரே பெஹன், உன் வீட்டுக்குள்ள மட்டும் வெயில் அடிக்குதா?" என்று பக்கத்து வீட்டு வங்காள தீதி இந்தியில் கேலி செய்வார். எனக்கும் சந்தோஷம்தான், ஏன் என்று யோசிக்கவில்லை.

கணவர் வேலையாக ரங்கத் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், நடுப்பகலிலேயே மழை இருட்டு. தூளியில் குழந்தை வீறிட்டான். ஓடிவந்தால், சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த மூன்று மூடிகளும் தூளியைப் பார்த்துக் குனிந்திருந்தன. இரண்டு கையாலும் பிடித்தால்தான் அசையும், அவ்வளவு இறுக்கம். மறுபடி திருப்பிவிட்டு, அடுப்பை அணைத்து வருவதற்குள் பழையபடி தூளிப் பக்கம். குழந்தை கண்களை இறுக்கிக்கொண்டு, வெயிலில் கிடத்தினாற்போல முகத்தை இப்படியும் அப்படியும் புரட்டி அழுதான். அறையோ இருட்டு, விளக்கில் பல்புகூட இல்லை. என்ன தோன்றியதோ, அவன் முகத்துக்கு மேலே கையை நீட்டினேன். நம்பினால் நம்புங்கள், என் கையின் நிழல் அவன் முகத்தில் விழுந்தது. ஐந்து விரலும் தெளிவாக. அழுகை நின்றது. கையை எடுத்தால் வீறிட்டான். எடுக்கப் பயந்து, தோள் மரத்துப்போகும்வரை அப்படியே நின்றேன். பிறகு அவனை வாரிக்கொண்டு மழையில் தீதி வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் கணவர் வந்தார். விளக்கை அபர்டீன் பஜாரில் ஒரு பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு வந்தார். நான் குழந்தையைக் குளிப்பாட்டினேன். முகம் கறுத்திருந்தது. என் விரல்கள் மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.